மலையிறங்கும் முன்னே: வீட்டிலிருக்கும் இதய நோயாளிக்கு அக்காவின் டிப்ஸ்

தங்கச்சி, மாரடைப்பு வந்து ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தவரையோ, இதயம் பலவீனமாகிவிட்டது என்று டாக்டர் சொன்னவரையோ வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறாயா? அப்படியென்றால் இது உனக்குத்தான். வார்டில் மிஸ்ஸியாக வேலை பார்த்த அக்கா சொல்கிறேன். டாக்டர் மாதக்கணக்கில் ஒரு தடவை, சில நிமிடம்தான் பார்க்கிறார். நோயாளி எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறார், ராத்திரி எத்தனை தடவை எழுந்து உட்கார்கிறார், லயத்துப் படியில் எங்கே நின்று மூச்சு வாங்குகிறார் என்பதெல்லாம் உனக்குத்தான் தெரியும். டாக்டருக்கு மிகவும் தேவைப்படும் விவரமும் அதுதான்.

கேமரன் மலையில் இருப்பவர்கள் இதில் இன்னும் கொஞ்சம் கவனமாக இருக்கணும். தானா ராத்தாவில் சுல்தானா ஹஜா கல்சோம் மருத்துவமனை இருக்கிறது, இ.சி.ஜி., அவசர சிகிச்சை எல்லாம் அங்கே உண்டு. ஆஞ்சியோகிராம், ஸ்டென்ட் என்று வந்தால் மலையை விட்டு இறங்கணும். தாப்பா வரைக்குமே ஏறக்குறைய 60 கிலோமீட்டர், அதுவும் வளைவுக்கு மேல் வளைவு. கம்போங் ராஜா, புளூ வேலி பக்கம் இருப்பவர்களுக்குச் சிம்பாங் பூலாய் சாலை. மழைக்காலத்தில் மண் சரிந்தால் அதுவும் அடைபடும். பள்ளி விடுமுறையில் பிரிஞ்சாங்கில் காடிகள் நகராது. சாலையில் ஆகிற நேரத்தை நீயும் நானும் குறைக்க முடியாது. சாலைக்கு வருவதற்கு முன்னால் வீட்டில் வீணாகிற நேரத்தைக் குறைக்க முடியும். மூன்று நாள் முன்பே உடம்பு சொல்வதைப் படித்துவிட்டால், நடுராத்திரியில் ஆம்புலன்ஸ் தேட வேண்டிய பல சந்தர்ப்பங்கள் வராமலே போகும்.

1. எழுந்ததும் எடை

இதயம் பலவீனமானவரின் உடம்பில் நீர் சேர்வதை முதலில் காட்டிக்கொடுப்பது எடை மிஷின். கால் வீங்கிக் கண்ணுக்குத் தெரிவதற்குள் சில லிட்டர் நீர் உள்ளே சேர்ந்துவிடும். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. தினமும் காலையில் சிறுநீர் கழித்த பிறகு, பசியாறுவதற்கு முன்னால் நிற்க வை. மிஷின் சிமெண்டுத் தரையில் இருக்கணும். பாய் மேல் வைத்தால் எண் மாறும். நம் ஊர்க் குளிரில் இன்னொரு தொல்லை, ஒரு நாள் சுவெட்டர், மறுநாள் ஜாக்கெட் என்று துணியே ஒரு கிலோ வரை கூட்டிக் காட்டும். மேலே போட்டதைக் கழற்றிவிட்டு, தினமும் ஒரே மாதிரி கைலி, பனியனோடு நிற்கட்டும். எண்ணைச் சுவர்க் காலண்டரில் அந்தத் தேதிக் கட்டத்திலேயே எழுது.

மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால் அன்றே கிளினிக்குக்குப் போன் போடு. "நேத்து கல்யாண வீட்டுச் சாப்பாடு, அதான்" என்பார். மூன்று நாளில் இரண்டு கிலோ சதை போடாது, தங்கச்சி. அது நீர்.

2. காலை அழுத்திப் பார்

சாயங்காலம் அவரை உட்கார வைத்து, கணுக்காலுக்கு மேலே, எலும்பின் மீது உன் கட்டைவிரலால் மெதுவாக அழுத்து. ஐந்து வரை எண்ணிவிட்டு விரலை எடு. குழி விழுந்து அப்படியே நின்றால் நீர் சேர்ந்திருக்கிறது. எவ்வளவு மேலே வரைக்கும் குழி விழுகிறது என்று பார். நேற்று கணுக்கால், இன்று முழங்கால் என்றால் அது ஏறுகிறது. எப்போதும் படுக்கையில் இருப்பவருக்கு நீர் காலில் நிற்காது, இடுப்புக்குப் பின்னால் இறங்கும். அங்கேயும் அழுத்திப் பார்.

வேலைக்குப் போகிறவர் நாள் முழுக்க ரப்பர் பூட்ஸுக்குள் காலை வைத்திருப்பார். வீக்கம் வெளியே தெரியாது. "பூட்ஸ் இறுக்குது" என்று அவர் சொன்னால் புது பூட்ஸ் வாங்கப் போகாதே, காலைப் பார். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் அது வேறு விஷயம். இரத்தக் கட்டியாக இருக்கலாம், தாமதிக்காமல் காட்டு.

3. தலையணையை எண்ணு

பலவீனமான இதயம் உள்ளவருக்கு மல்லாந்து படுத்தால் நுரையீரலில் நீர் கோக்கும். போன வாரம் ஒரு தலையணை, இந்த வாரம் மூன்று, நேற்று நாற்காலியிலேயே தூங்கினார் என்றால் நோய் முற்றுகிறது என்று அர்த்தம். தூங்கிய ஓரிரண்டு மணி நேரத்தில் மூச்சு முட்டி எழுந்து, ஜன்னலைத் திறந்து காற்று வாங்குவதும் அதே அறிகுறிதான். "கெட்ட கனவு" என்று விட்டுவிடாதே. படுத்தால் மட்டும் வருகிற வறட்டு இருமலையும் குளிர் இருமல் என்று எடுத்துக்கொண்டு கசாயம் வைத்துக் கொடுத்துக்கொண்டிருக்காதே. பெரிண்டோபிரில் போன்ற பிரஷர் மாத்திரைகளாலும் வறட்டு இருமல் வரும். எதனால் வருகிறது என்று டாக்டர்தான் பிரித்துச் சொல்லணும்.

ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லை, உதடு நீலமாகிறது, இளஞ்சிவப்பு நுரையாகச் சளி வருகிறது, இந்த மூன்றில் ஒன்று தெரிந்தாலும் கிளினிக் திறக்கும் வரை காத்திராதே, உடனே 999. ஆம்புலன்ஸ் வரும் வரை படுக்க வைக்காதே. கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு நிமிர்ந்து உட்கார வை.

4. நாடி, பிரஷர், விரல் கிளிப்

மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் உன் இரண்டு விரலை வைத்து முழுசாக ஒரு நிமிடம் எண்ணு. பதினைந்து நொடி எண்ணி நாலால் பெருக்குவது இதயம் சீராக ஓடுகிறவருக்குத்தான் சரிவரும். எண்ணும்போதே தாளம் ஒழுங்காக இருக்கிறதா, தப்பித் தப்பி வருகிறதா என்று கவனி. அவருக்கு வழக்கமாக எவ்வளவு என்று எழுதி வை. ஓய்வில் இருக்கும்போதே 50-க்குக் கீழே போனாலும், 120-க்கு மேலே போனாலும், இதுவரை ஒழுங்காக இருந்தது திடீரென்று தாறுமாறானாலும் அன்றே காட்டு. தலைசுற்றல், மயக்கம் சேர்ந்து வந்தால் 999.

பிரஷர் பார்க்க, ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருக்கணும். அரை மணி நேரத்துக்குள் தேத்தண்ணியோ சிகரெட்டோ கூடாது. சுவெட்டர் கையைச் சுருட்டிவிட்டால் அதுவே கையை இறுக்கும், கழற்றிவிட்டுப் பட்டையைச் சுற்று.

விரலில் மாட்டும் ஆக்சிஜன் கிளிப் இப்போது பல வீட்டில் இருக்கிறது. காலைக் குளிரில் விறைத்த விரலில் மாட்டினால் பொய்யாகக் குறைத்துக் காட்டும். கையைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டு மாட்டு. நகப்பூச்சு, கருத்த மருதாணி இருக்கிற விரலைத் தவிர்த்துவிடு. சூடாக்கிய பிறகும் 90-க்குக் கீழேயே நின்றால் அது குளிரின் வேலை அல்ல.

5. நெஞ்சுவலிக்கு ஐந்து கேள்வி

நெஞ்சு வலிக்கிறது என்றதும் நம் வீடுகளில் முதலில் வருவது கோடாலித் தைலம், அடுத்தது ஓமத் தண்ணி. அரை மணி நேரம் அதில் போகும். வார்டில் நாங்கள் கேட்கும் கேள்விகளை நீயும் கேளு: எப்போது ஆரம்பித்தது? எங்கே வலிக்கிறது, எங்கே பரவுகிறது? எப்படி வலிக்கிறது, அழுத்தமா, எரிச்சலா, குத்தலா? பத்துக்கு எத்தனை? என்ன செய்துகொண்டிருந்தபோது வந்தது? நடு நெஞ்சில் பாரம் வைத்தாற்போல அழுத்தி, இடது கை, தாடை, கழுத்து, முதுகு என்று பரவி, வேர்த்து, குமட்டினால் அதை வாயு என்று சொல்லாதே. குளிர் ஊரில் சும்மா உட்கார்ந்திருப்பவருக்குச் சட்டை நனைய வேர்த்தால் அதுவே போதும், போனை எடு.

சர்க்கரை நோயாளி, பெண்கள், வயதானவர்கள் பலருக்கு நெஞ்சு வலிக்கவே வலிக்காது. திடீர்க் களைப்பு, மூச்சுத் திணறல், வயிற்றின் மேல்பக்கம் ஒரு மாதிரி, அவ்வளவுதான். மலேசியாவில் இந்தியர்கள் நூற்றுக்கு ஏழு பேர் அளவுதான். மாரடைப்போடு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களில் நம் பங்கு அதைவிட மிக அதிகம். அதனால் "எனக்கா மாரடைப்பு?" என்ற கேள்வியே நமக்கு வேண்டாம்.

6. நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை

ஜி.டி.என். மாத்திரை கொடுத்திருந்தால், முதலில் அவரை உட்கார வை. நின்றபடி வைத்தால் பிரஷர் இறங்கித் தலைசுற்றி விழுவார். ஒரு மாத்திரை நாக்குக்கு அடியில், முழுங்கக் கூடாது. ஐந்து நிமிடம் கடிகாரத்தைப் பார். வலி குறையவில்லை, இல்லை கூடுகிறது என்றால் 999-ஐக் கூப்பிட்டுவிட்டு அடுத்ததை வை. மொத்தம் மூன்றுக்கு மேல் வேண்டாம். அது வந்த பழுப்புக் கண்ணாடிப் பாட்டிலிலேயே இருக்கட்டும். பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றினால் வீரியம் போகும். திறந்த தேதியை ஒட்டி வை. எட்டு வாரம் ஆனதும் புதுசு கேளு.

சொல்லக் கூச்சப்படுகிற ஒன்றையும் சொல்கிறேன். வயாகரா போன்ற மாத்திரை சாப்பிட்டிருந்தால் அதன் மேல் ஜி.டி.என். வைக்கவே கூடாது, பிரஷர் ஒரேயடியாக விழுந்துவிடும். பசார் மாலாமில் விற்கிற "சக்தி" காப்பியில்கூட அந்த மருந்து கலந்திருக்கலாம். இதை அவரிடம் இன்றைக்கே கேட்டுவிடு. வலி வந்த பிறகு கேட்கிற கேள்வி அல்ல அது.

7. 999 சீட்டு எழுதி ஒட்டு

பதற்றத்தில் மலாய் வராது. அதனால் தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டு. "சாக்கிட் டாடா" என்றால் நெஞ்சுவலி, "செசாக் நாபாஸ்" என்றால் மூச்சுத் திணறல், "பெங்சான்" என்றால் மயக்கம், "தொலோங் ஹந்தார் அம்புலன்ஸ்" என்றால் ஆம்புலன்ஸ் அனுப்புங்கள். அதற்குக் கீழே லாடாங் பெயர், எத்தனையாவது டிவிஷன், லயத்தின் எண், பக்கத்துக் கோயிலோ ஆலையோ கடையோ ஏதாவது ஓர் அடையாளம். தோட்டத்துக்குள் போன் லைன் கிடைக்காத இடம் உண்டு. எந்த மூலையில் நின்றால் கிடைக்கும் என்பதையும் எழுது. கேட்டைத் திறக்கவும், திருப்பத்தில் நின்று டார்ச் அடிக்கவும் ஓர் ஆளை இப்போதே முடிவு செய்துகொள். டிரஸ்ஸர் இருக்கிற தோட்டமென்றால் அவர் நம்பரும் அதில் இருக்கட்டும்.

ஆஸ்பிரின் ஒத்துக்கொள்கிறவர்தானா, இரத்தக் கசிவு, குடல்புண் உண்டா என்று போனில் சொல். அவர்கள் மெல்லும்படி சொன்னால் 300 மில்லிகிராம் மெல்லட்டும். சுய நினைவு இல்லை, மூச்சும் இல்லை என்றால் நடு நெஞ்சில் இரண்டு கையையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்திக்கொண்டே இரு. கை சோர்ந்தால் இன்னொருவர் தொடரட்டும், நிறுத்தக் கூடாது.

8. மருந்துப் பையைக் கொட்டிப் பார்

ஸ்டென்ட் வைத்தவருக்கு ஆஸ்பிரினோடு குளோப்பிடோகிரல் போன்ற ஒன்றும் தருவார்கள். பல் பிடுங்கப் போகிறோம், ஈறில் இரத்தம் வருகிறது என்று நீங்களாக நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும். நிறுத்துவதானால் இதய டாக்டர் சொல்லி நிறுத்தணும்.

"தண்ணி மாத்திரை" என்று நாம் சொல்கிற ஃபுரோசிமைட்டை நம் ஆட்கள் எப்போது விடுவார்கள் தெரியுமா? ஈப்போவுக்கு அப்பாயின்மெண்ட் போகிற நாளில். பஸ்ஸில் அடிக்கடி சிறுநீர் வருமே என்ற பயம். மூச்சு முட்டிக்கொண்டு டாக்டர் முன்னால் போய் உட்காருவார், டாக்டரோ மருந்து போதவில்லை என்று அளவைக் கூட்டிவிடுவார். விடவே வேண்டாம். பயண நாளில் எத்தனை மணிக்கு எடுக்கலாம் என்று முன்கூட்டியே மிஸ்ஸியிடமோ மருந்தகத்திலோ கேட்டு நேரத்தை மட்டும் மாற்றிக்கொள். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்த நாளில் நிலைமை தலைகீழ். உடம்பு வறண்டிருக்கும்போது அதே மாத்திரை சிறுநீரகத்தைப் பாதிக்கும். தொடரலாமா என்று போன் போட்டுக் கேளு.

இடுப்பு வலி, மூட்டு வலிக்குத் தோட்டத்தில் கைமாறுகிற போன்ஸ்தான், வோல்டரென், புரூஃபென் மூன்றும் இதய நோயாளிக்கு ஆகாது. உடம்பில் நீரைத் தேக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். பெனடோல் போதும், தண்ணீரில் கரைகிற வகை வேண்டாம், அதில் சோடியம் அதிகம்.

2013 அக்டோபரில் சுல்தான் அபு பக்கார் அணை திறந்துவிடப்பட்டுப் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளமும் சேறும் புகுந்தது நம் ஊருக்கு மறக்காது. வருஷக் கடைசி மழைக்கு முன்னால் கையில் இரண்டு வாரத்து மருந்தாவது இருக்கணும். ஈப்போவில் எழுதித் தந்த மருந்தை மாதாமாதம் வாங்க ஈப்போவுக்கே போகணும் என்றில்லை. எஸ்.பி.யூ.பி. என்ற ஏற்பாட்டில் பக்கத்து அரசாங்க மருத்துவமனை, கிளினிக்கிலேயே எடுத்துக்கொள்ளலாம். மருந்து கொடுக்கிற கவுண்டரில் கேட்டுப் பதிந்துவிடு.

9. உப்பு, தண்ணீர், கீரை

ஒரு நாளைக்கு ஒருவருக்கு ஒரு தேக்கரண்டி உப்புக்குக் கீழே, அதாவது 5 கிராமுக்குள் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அதில் சமையலில் போடுகிற உப்பு மட்டுமல்ல, கிச்சாப், கருவாடு, நெத்திலிச் சம்பல், ஊறுகாய், அப்பளம் எல்லாம் சேரும். மேகி பாக்கெட் ஒன்றிலேயே அந்த நாள் கணக்கில் பெரும்பங்கு போய்விடும். குழம்புக்கு எலுமிச்சை, புளி, மல்லி, சீரகம், பூண்டு கூட்டினால் உப்பு குறைந்தது நாக்குக்குத் தெரியாது. பொட்டாசியம் கலந்த "குறைந்த சோடிய உப்பு" மட்டும் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். பெரிண்டோபிரில், ஸ்பைரோனோலேக்டோன் எடுப்பவருக்குப் பொட்டாசியம் ஏறிவிடும்.

தண்ணீருக்கு அளவு சொல்லியிருந்தால், உதாரணமாக ஒன்றரை லிட்டர், காலையில் ஒன்றரை லிட்டர் பாட்டிலை நிரப்பி வை. அவர் எந்த டம்ளரில் எது குடித்தாலும் அதே அளவு தண்ணீரைப் பாட்டிலிலிருந்து ஊற்றிவிடு. தேத்தண்ணி, மைலோ, ரசம், கஞ்சி எல்லாம் கணக்குதான். பாட்டில் காலியானால் அன்றைய கோட்டா முடிந்தது. குளிருக்கு அடிக்கடி தேத்தண்ணி கேட்கிறவருக்குச் சின்னக் கோப்பையில் கொடு, கெட்டிப்பால் வேண்டாம்.

வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்குக் கீரையே கூடாது என்று சிலர் சொல்வார்கள். காய்கறி விளைகிற மலையில் அது நடக்கிற காரியமா? கீரை, சாவி (கடுகுக் கீரை), முட்டைக்கோஸ் சாப்பிடலாம், வாரா வாரம் ஒரே அளவாக இருக்கணும். ஒரு வாரம் ஒன்றும் இல்லாமல், மறுவாரம் இலவசமாகக் கிடைத்தது என்று ஒரு கூடை சமைத்தால், இரத்தம் உறையும் அளவைக் காட்டுகிற ஐ.என்.ஆர். ஆடிவிடும்.

10. படுக்க வைத்தே பார்க்காதே

ஒரு காலத்தில் மாரடைப்பு வந்தவரை வாரக்கணக்கில் அசையவிடாமல் படுக்கையிலேயே கிடத்தினார்கள். 1952-இல் பாஸ்டன் டாக்டர்கள் சாமுவேல் லெவினும் பெர்னார்ட் லோனும் நோயாளிகளைச் சீக்கிரமே நாற்காலியில் உட்கார வைத்து, அவர்கள் நன்றாகவே தேறியதை எழுதினார்கள். இப்போது உலகம் முழுக்க அதுதான் வழி. டாக்டர் அனுமதித்த பிறகு, முதலில் சமதரையில் ஐந்து நிமிடம், பிறகு பத்து என்று கூட்டு. நடக்கும்போது பேச முடியணும். பேச முடியாவிட்டால் வேகம் அதிகம். நம் ஊரில் சமதரைக்குப் பஞ்சம் என்பது தெரியும். லயத்து வாசலிலேயே போய் வரலாம். மேட்டில் ஏறுவது கடைசியில்.

விடியற்காலைக் குளிரில் இரத்தக்குழாய் சுருங்கி, பிரஷர் ஏறும். வெயில் வந்த பிறகு, காதுக்கும் கழுத்துக்கும் துணி போட்டு நடக்கட்டும். குளிர்ந்த தண்ணீரில் தலைக்கு ஊற்றுவது, சாப்பிட்ட உடனே மேடேறுவது, மூடிய அறையில் கரி அடுப்பு வைத்துக் குளிர்காய்வது மூன்றும் வேண்டாம். வருஷத்துக்கு ஒரு தடவை ஃபுளூ ஊசியும் கேட்டுப் போட்டுவிடு. தைப்பூச விரதம், பத்துமலையின் 272 படி, காவடி இதெல்லாம் டாக்டரைக் கேட்ட பிறகுதான். முருகன் அடுத்த வருஷமும் அங்கேதான் இருப்பான்.

கொழுந்து மூட்டையும் மிஷினும் தூக்க எப்போது திரும்பலாம் என்பதை எம்.சி. முடியும் முன்பே கேளு. இலகு வேலைக்குக் கடிதம் வாங்கிக் கிராணியிடம் கொடு. பேஸ்மேக்கர் வைத்தவர் எஞ்சின் ஓடுகிற கொழுந்து மிஷினை நெஞ்சோடு அணைத்துப் பிடிக்கக் கூடாது. எவ்வளவு தள்ளி வைக்கணும் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள். வேலையே இனி முடியாது என்றால் சொக்சோவின் இயலாமைத் திட்டத்தில் விண்ணப்பிக்கலாமா என்று விசாரி. ஆஸ்பத்திரிக் காகிதம் ஒன்றையும் தூக்கிப் போடாதே.

11. வயசைப் பார்க்காதே

இதய நோய் பெரியவர்களுக்கு மட்டும் வருவதல்ல. பிள்ளைக்குத் தொண்டைப்புண்ணோடு காய்ச்சல் வந்து, சில வாரம் கழித்து மூட்டு மூட்டாக வீங்கினால் வாதக் காய்ச்சலாக இருக்கலாம். அது இதய வால்வைக் கெடுக்கும். அதற்கு மூன்று, நான்கு வாரத்துக்கு ஒரு முறை பென்சிலின் ஊசி என்று சொன்னால், பிள்ளை ஓடியாடுகிறதே என்று பாதியில் விட்டுவிடாதே. சிறு வயதில் கெட்ட வால்வு பல பெண்களுக்குப் பிள்ளை உண்டான பிறகுதான் தெரிய வரும். கர்ப்பிணிக்குப் படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றால் "வயிறு பெருசு" என்று முடிவு கட்டாமல் அன்றே மிஸ்ஸியிடம் சொல்.

12. அவர் மனசும் உன் உடம்பும்

மாரடைப்புக்குப் பிறகு ஆம்பளைகள் பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள், சட்டென்று எரிந்து விழுவார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, எதிலும் ஆசையில்லை என்றால் அதுவும் நோய்தான், அதற்கும் மருந்து உண்டு, சொல்லணும். சம்சு இதயத் தசையைக் கெடுக்கும், சிகரெட் இரத்தக்குழாயைக் கெடுக்கும். நீ திட்டி அவர் நிறுத்தமாட்டார், கிளினிக்கில் புகை நிறுத்த உதவுகிறார்கள், அழைத்துப் போ.

நீயும் ராத்திரி எல்லாம் விழித்திருந்து பகலில் மலைக்குப் போகாதே. வாரத்தில் இரண்டு இரவாவது மகனோ நாத்தனாரோ பார்க்கட்டும். அவர்களுக்கும் காலண்டரைப் படிக்கவும் நாடி எண்ணவும் சொல்லிக் கொடு. உனக்கும் நாற்பது தாண்டியிருந்தால் பிரஷர், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பார்த்துவிடு. அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யணும் என்றில்லை. இன்றைக்கு மூன்று மட்டும் செய்: மருந்துப் பையைக் கொட்டிப் போன்ஸ்தானை வெளியே எடு, 999 சீட்டை எழுதி ஒட்டு, எடை மிஷினைச் சிமெண்டுத் தரையில் வை. நாளைக் காலையில் முதல் எண்ணை எழுதலாம்.